வீட்டில் கட்டிய கம்ப்ரசர் சரியாக அமுக்கவில்லையா?

1967-இல் வந்த 1176 கம்ப்ரசரின் சர்க்யூட்டைப் பார்த்துச் சொந்தமாகக் கட்டியவர்களுக்கு:

முதலில் மல்டிமீட்டரை எடுத்து +30 வோல்ட், −10 வோல்ட் இரண்டும் வருகின்றனவா என்று பாருங்கள். மைனஸ் பக்கம் செத்திருந்தால் ஃபெட் முழுதாகத் திறந்துகொள்ளும். ஒலி எப்போதும் அமுங்கியே கிடக்கும்.

வோல்டேஜ் சரி, ஆனால் ஒலி அமுங்கவில்லை அல்லது கரகரக்கிறது என்றால், என் சந்தேகம் க்யூ பயாஸ் ட்ரிம்பாட் மேல்தான். பெட்டி நன்றாகச் சூடேறட்டும். அட்டாக் குமிழை ஆஃபில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுங்கள். அவுட்புட் இனி ஏறாது என்னும் இடம்வரை ட்ரிம்பாட்டைத் திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக மெல்ல, மெல்லத் திருப்பி, அளவு சரியாக 1 டெசிபல் இறங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் கூடவே கூடாது.

அப்படியும் மசியவில்லையா? ஃபெட்டின் கால் வரிசை பார்ட் எண்ணுக்கு எண் மாறும். டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

உம்மென்ற இரைச்சல் வந்தால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சற்றுத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

அட்டாக் தலைகீழாக வேலை செய்கிறதே என்று பிரித்துவிடாதீர்கள். 1176-இல் வலப்புறம் திருப்பத் திருப்ப வேகம் கூடும்: 800 மைக்ரோசெகண்டிலிருந்து 20 வரை.