இடுப்பு என்பது எந்த இடம்?

தமிழில் 'இடுப்பு' என்பது மிக அகன்ற பொருளுடைய சொல். சேலைக் கொசுவம் செருகும் இடமும், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பக்கமும், முதுகுத்தண்டின் அடிப்பகுதியும், தொடை உடலோடு சேரும் மூட்டும் பேச்சு வழக்கில் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவத்தில் இவை வெவ்வேறு அமைப்புகள். இவற்றில் எழும் வலிகளுக்குக் காரணமும் வேறு, தீர்வும் வேறு. திடீர் இடுப்பு வலியைப் பற்றி வழங்கும் நம்பிக்கைகளில் சில, வலி தெரியும் இடத்தையே வலி பிறக்கும் இடமாகக் கொண்டுவிடுவதனால் பிழைபட்டவை.

"பின்பக்கம் வலித்தால் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது"

இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்திச் சுழலும் பந்துக்கிண்ண மூட்டு. உடலின் மிக ஆழமான மூட்டுகளில் ஒன்றாகிய இது பின்பக்கத்தில் இல்லை. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பாகிய தொடையிடுக்குக்கு நேர் உள்ளே அமைந்திருக்கிறது. ஆகவே மூட்டிலிருந்து வரும் வலி பெரும்பாலும் தொடையிடுக்கிலோ தொடையின் முன்புறத்திலோ உணரப்படும். காலில் செருப்பு மாட்டக் குனியும்போதும், ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கும்போதும் மிகும். பிட்டத்தில் எழுந்து தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை இறங்கும் வலிக்குப் பெரும்பாலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்பு அழுத்தப்படுவதே காரணம். இடுப்பின் வெளிப்பக்கத்தில், ஒருக்களித்துப் படுக்கவிடாமல் குத்தும் வலி, பிட்டத் தசைகளை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் நலிவதால் வருவது. நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி. தொடையின் வெளிப்புறத் தோல் மட்டும் எரிவதும் மரத்துப்போவதுமாக இருந்தால், இறுக்கமான பெல்ட்டோ உடையோ தோலுக்குச் செல்லும் நரம்பை அழுத்துவது காரணமாக இருக்கலாம். அதைத் தளர்த்துவதே அங்கு முதல் மருந்து. குடலிறக்கமும் சிறுநீரகக் கல்லும்கூடத் தொடையிடுக்கு வலியாகத் தோன்றக்கூடியவை. அக்கி நோயில் கொப்புளம் எழுவதற்குச் சில நாட்கள் முன்பே வலி வந்துவிடும் என்பதால், அதுவும் முதலில் இடுப்புப் பிடிப்பாகவே எண்ணப்படுவதுண்டு.

இடம் மாறித் தெரியும் வலியில் மிகவும் ஏமாற்றுவது முழங்கால். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் சில நரம்புகள் பொதுவாக இருப்பதால், இடுப்பில் உள்ள கோளாறு முழங்கால் வலியாக மட்டுமே வெளிப்படலாம். 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில், குறிப்பாக உடல் எடை மிகுந்தவர்களில், தொடை எலும்பின் தலை அதன் வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் ஒரு நோய் உண்டு. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி நொண்டும் அத்தகைய பிள்ளையின் முழங்காலை மட்டும் படம் எடுத்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால், நழுவல் முற்றி மூட்டு நிலையாகப் பழுதுபட இடமுண்டு. இதைவிடச் சிறிய குழந்தைகளில், சளிக் காய்ச்சல் வந்துபோன பின் மூட்டில் தற்காலிகமாக நீர் கோத்து வலிப்பது பொதுவானது. சில நாட்களில் தானே தணியும். ஆனால் காய்ச்சல் இருக்கும்போதே குழந்தை காலை ஊன்ற மறுத்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம் என்று கருதி அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சீழ் குருத்தெலும்பை அரிப்பதற்குச் சில நாட்களே போதும்.

"சுளுக்குத்தான், வழித்துவிட்டால் போய்விடும்"

சுளுக்கு என்பது தசையோ தசைநாரோ அளவுக்கு மீறி இழுபட்டதைக் குறிக்கும் சொல். பாரம் தூக்கியதாலோ திடீரென்று திரும்பியதாலோ உண்டான அத்தகைய இழுவை, வழிக்காவிட்டாலும் ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. எண்ணெய் பூசி உருவிவிடுவதும், காலால் பிறந்தவர் நீவிவிட்டால் சுளுக்கு விலகும் என்னும் நம்பிக்கையும் நிலைத்து வருவதற்கு இந்த இயல்பான ஆறுதலே பெரிய காரணம். ஆறியது உடல், பெயர் பெற்றது கை. மென்மையான நீவலால் தசையிறுக்கம் சற்றுத் தளர்வதும் உண்மையே என்பதால் அதை முற்றிலும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் வலியின் காரணம் தெரியாத நிலையில் காலை மடக்கி, முறுக்கி, நெட்டி எடுப்பது அப்படிப்பட்டதன்று. விரிசல் கண்ட எலும்பு அதனால் முழுதாக முறியக்கூடும் என்பதால், விழுந்தபின் வந்த வலியில், முக்கியமாக முதியவர்களிடத்தில், அதற்கு இடமே தரலாகாது.

"நடக்க முடிகிறதே, எலும்பு முறிந்திருக்காது"

தொடை எலும்பின் தலைக்குக் கீழே உள்ள குறுகிய பகுதியைக் கழுத்து என்பர். முதியவர்கள் குளியலறையில் வழுக்கி விழும்போது பெரும்பாலும் முறிவது இந்தப் பகுதியும் அதற்குச் சற்றுக் கீழுள்ள பகுதியும்தான். சில முறிவுகளில் உடைந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்வதால், நோயாளி வலியோடு நடக்கக்கூட முடியும். சிறு விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எலும்புத் தலைக்கு உணவூட்டும் இரத்தக் குழாய்கள் இந்தக் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. முனைகள் விலகினால் அவை அறுந்து, தலை உயிரற்றுப் போகக்கூடும். அதனால்தான் விழுந்த பின் தொடையிடுக்கில் வலிக்கிறது என்று ஒரு முதியவர் சொன்னால், அவர் நடந்தாலும் சரி, எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் சரி, வலி நீடிக்கும்போது எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது முறையாகிறது.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எனவே நோயில்லை"

மேற்சொன்ன எலும்புத் தலை, அடி ஏதும் படாமலேயே இரத்த ஓட்டம் குன்றி மடிவதும் உண்டு. இருபதுகளிலிருந்து ஐம்பது வயது வரை உள்ளவர்களைப் பெரும்பாலும் தாக்கும் இந்த நோய்க்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: அதிக அளவில் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு மருந்து, நெடுநாள் குடிப்பழக்கம். நீலகிரி, வயநாடு பகுதிகளின் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் சோகையும், குழாய்களை அடைத்து இதே விளைவை உண்டாக்குகிறது. தொடக்க நிலையில் எக்ஸ்ரே முழுதும் இயல்பாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனே அதைக் காட்டிக்கொடுக்கும். எலும்புத் தலை அமிழ்ந்து உருக்குலைவதற்கு முன்பு கண்டறிந்தால் மூட்டைக் காப்பாற்ற முயல வழியுண்டு. பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவையே. இந்தியாவில் இளம் வயதினர் இவ்வறுவைக்கு உள்ளாவதற்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணம்.

இங்கு ஒரு கசப்பான முரணைச் சுட்டாமல் இருக்க முடியாது. மூட்டு வலிக்கு உடனடி நிவாரணம் என்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகள், மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அவை வியக்கத்தக்க வேகத்தில் வலியைத் தணிப்பதன் இரகசியம் அதுதான். அந்தப் பொருளே நாளடைவில் இடுப்பு மூட்டின் தலையை மடியச் செய்யக்கூடியது.

"வாயு பிடித்திருக்கிறது"

உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் நிறுத்தினால் இடுப்புப் பிடிப்பு விலகும் என்று சொல்லப்படுகிறது. குடலில் உண்டாகும் வாயு வயிற்றை உப்பச் செய்யும். மூட்டுக்கோ தசைக்கோ சென்று தங்க அதற்கு வழியில்லை. சித்த மருத்துவம் கூறும் வாதம் அல்லது வளி, உடலின் இயக்கத்தை ஆளும் மூன்று உயிர்த்தாதுக்களுள் ஒன்றாகக் கருதப்படும் கோட்பாடே அன்றி ஏப்பமாக வெளியேறும் காற்று அன்று. இரண்டையும் ஒன்றாக்கியது பிற்காலப் பேச்சு வழக்கு; அந்தப் பழியைச் சித்த நூல்களின் மேல் ஏற்றுவது முறையன்று.

"எலும்புத் தேய்மானம், கால்சியம் குறைவு"

'எலும்புத் தேய்மானம்' என்னும் ஒரே தொடர் இரண்டு நோய்களுக்கு வழங்குகிறது. ஒன்று, மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு நலிவது. இது வலிக்கும், ஆனால் கால்சியம் மாத்திரையால் தணியாது. மற்றொன்று, எலும்பின் அடர்த்தி குறைந்து புரையோடுவது. இதற்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவைப்படலாம், ஆனால் முறிவு நேரும் வரை இது வலிப்பதே இல்லை.

"வலி போகும் வரை படுத்தே இருக்க வேண்டும்"

முறிவும் தொற்றும் இல்லை என்று தெரிந்த பின், ஓரிரு நாள் ஓய்வுக்கு மேல் படுக்கையில் கிடப்பது தசைகளை மெலியச் செய்து வலியை நீட்டிக்கும். 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, இடுப்பின் வெளிப்பக்கத் தசைநாண் வலியுள்ள 204 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது. 8 வாரங்களின் முடிவில் தாம் நலமடைந்ததாகக் கூறியவர்கள், உடற்பயிற்சியும் விளக்கமும் பெற்ற பிரிவில் சுமார் 77 விழுக்காடு. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட பிரிவில் 58. பொறுத்திருந்து பார்த்த பிரிவில் 29. அங்கு விளக்கம் என்றது, தசைநாணை எலும்போடு அழுத்தும் இருப்புகளைத் தவிர்க்கக் கற்பிப்பதை. கால்மேல் கால் போட்டு அமர்வதும், ஒரு காலில் சாய்ந்து இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளி நிற்பதும் அத்தகையவை. குடத்தையோ குழந்தையையோ இடுப்பில் ஏந்தும் நிலை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பது தமிழ் வீடுகளுக்குப் பொருந்தும் செய்தி. ஒருக்களித்துப் படுக்கும்போது இரு முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்வதும் பயன் தரும்.

புதிதாகப் பட்ட அடிக்கு முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டியும், பழைய இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் ஏற்றவை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வீக்கத்தைக் குறைத்தாலும், சிறுநீரக நோய், இரைப்பைப் புண், இதய நோய் உள்ளவர்கள் அவற்றை மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கலாகாது. சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தல், காய்ச்சல், முன்பு புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று வலியோடு சேர்ந்தாலும் வீட்டு மருத்துவத்துக்கு இடமில்லை.

"கைத்தடி வலிக்கும் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும்"

நோயாளிகளில் பலர் இயல்பாகவே இப்படித்தான் பிடிக்கின்றனர். திரைப்படங்களில் நொண்டி நடக்கும் பாத்திரங்களும் இதையே செய்கின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்போது மறுபக்கம் சாய முயலும் உடலைத் தாங்க, ஊன்றிய காலின் பிட்டத் தசை மூட்டுக்கு மிக அருகிலிருந்து, குறுகிய நெம்புகோலால் இழுப்பது போல, பெருவிசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. உடல் எடையும் இந்த இழுவிசையும் சேர்ந்து மூட்டின் மேல் இறங்குவதால், 60 கிலோ எடையுள்ளவரின் இடுப்பு மூட்டு அடிக்கு அடி 150 முதல் 180 கிலோ வரை சுமக்கிறது. தடியை எதிர்ப்பக்கத்துக் கையில் ஊன்றினால், அது மூட்டிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், சிறிதளவே அழுத்தினாலும் தசையின் வேலை பெருமளவு குறைகிறது. வலிக்கும் பக்கத்துக் கையில் ஊன்றினால் இந்தத் தொலைவின் பயன் கிடைப்பதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். வலிக்கும் காலை எடுத்து வைக்கும்போதே தடியும் முன்னே செல்ல வேண்டும்.