இரண்டு கேபிள் போட்டால் மட்டும் போதாது

முன்னால் கடை, பின்னால் களஞ்சியம், மேல் மாடியில் காரியாலயம். இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, மாவனல்லை என்று நம் பகுதியில் பல வியாபார நிலையங்கள் இப்படித்தான் அமைந்துள்ளன. பில் போடும் கணனிகள் கடையிலுள்ள ஒரு சுவிட்சில். கணக்குகள் உள்ள பிரதான கணனி காரியாலயத்துச் சுவிட்சில். இரண்டையும் இணைப்பது ஒரேயொரு கேபிள். பெருநாளைக்கு முந்திய இரவில் அந்தக் கேபிளை எலி கடித்தால் வியாபாரம் என்னவாகும்?

இரண்டாவது கேபிள் ஒன்று போடுவது நல்ல ஏற்பாடே. ஆனால் அதற்கு முன் முதலாளிமார் மூன்று விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும்.

1. சும்மா செருகக் கூடாது

விலை குறைந்த சாதாரண சுவிட்சுகளில் இரண்டாவது கேபிளைச் செருகினால், எல்லாக் கணனிகளுக்கும் என்று அனுப்பப்படும் செய்தி ஒரு கேபிளால் போய் மற்றதால் திரும்பி வந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் முழு வலையமைப்பும் ஸ்தம்பித்து விடும்.

அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சுகளில் இதைத் தடுக்க எஸ்.டீ.பீ. என்ற முறை உண்டு. 1985 இல் ரேடியா பேர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியியலாளர் இதனை வகுத்தார். இது ஒரு கேபிளை மூடி வைத்து, மற்றது அறுந்தால் மட்டும் திறக்கும். பாதுகாப்பு உண்டு, ஆனால் காசு கொடுத்துப் போட்ட கேபிள் வேலையின்றிக் கிடக்கும்.

2. இரண்டையும் ஒன்றாகக் கட்டுதல்

இரு கேபிள்களையும் ஒரே பாதையாகக் கருதும்படி சுவிட்சுகளுக்குச் சொல்வதே லிங்க் அக்ரிகேஷன். இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேயருடன் சேர்ந்து அமெரிக்காவில் ஆரம்பித்த கல்பனா நிறுவனமே இதில் முன்னோடி. 1994 இல் அதனை சிஸ்கோ வாங்கியது. 2000 ஆம் ஆண்டில் பொதுத் தரம் வந்ததால், வெவ்வேறு கம்பனிகளின் சுவிட்சுகளும் எல்.ஏ.சி.பீ. என்ற முறையில் தமக்குள் பேசி இணைய முடிகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கணனி இன்னொன்றுக்கு அனுப்பும் ஒரு கோப்பு ஒரே கேபிளில்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதே இரண்டின் பலனும் தெரியும். இன்டர்நெட் வேகம் இதனால் கூடாது. அப்படிச் சொல்லி விற்க வருபவரிடம் கவனமாயிருங்கள்.

3. அமீர் யார்?

மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்வது நமக்குக் கற்றுத் தரப்பட்ட ஒழுங்கு. சுவிட்சுகளுக்கும் அது வேண்டும். அதைத் தீர்மானிப்பது முன்னுரிமை எண். வழமையாக 32768 என்றிருக்கும். இங்கே எண் குறைந்தவருக்கே தலைமை. எண்கள் சமமானால், எந்தச் சுவிட்சின் வன்பொருள் முகவரி சிறியதோ அது முந்தும். அதனால் மூலையில் கிடக்கும் பழைய சுவிட்ச் அமீராகிவிடலாம்! எஸ்.டீ.பீ. யில் பிரதான சுவிட்சுக்கு 4096 கொடுத்தால் குழப்பமில்லை.

எல்.ஏ.சி.பீ. யிலும் இப்படியே. அனுமதித்த அளவைவிடக் கேபிள்கள் கூடினால் எவை வேலை செய்யும், எவை காத்திருக்கும் என்பதைத் தலைமைச் சுவிட்சே முடிவு செய்யும். இரண்டே கேபிள் உள்ள கடையில் இதை மாற்றும் தேவை அநேகமாக வராது.

கெமரா படத்தை விட பில்லுக்கு முதலிடம் கொடுக்கும் அமைப்பு வேறு. அங்கே 0 முதல் 7 வரை எண்கள். 7 தான் உயர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலை செய்பவரிடம் கேட்க வேண்டியவை

* இரு பக்கமும் அமைப்பை முடித்த பின்னரே இரண்டாவது கேபிளைச் செருக வேண்டும்.
* குறைந்தது ஒரு பக்கமாவது ‘அக்டிவ்’ ஆக இருக்க வேண்டும். இரண்டும் ‘பெசிவ்’ என்றால் இணைப்பு உருவாகாது.
* இரு கேபிளினதும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும்.
* இரண்டையும் ஒரே குழாயில் இழுக்கக் கூடாது. ஒரே எலி இரண்டையும் கடிக்கும்.
* கட்டடத்துக்குக் கட்டடம் போவதானால் ஃபைபர் கேபிளே நல்லது. நம் பகுதியின் இடி மின்னல் செப்புக் கம்பி வழியே சுவிட்சுகளைத் தாக்கலாம்.

கூலி கொடுக்குமுன் ஒரு கேபிளைக் கழற்றி பில் போட்டுப் பாருங்கள். பின் மற்றதையும் அவ்வாறே சோதியுங்கள். கொடுத்த எண்களையும் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கி, கடை உறுதியோடு சேர்த்து வையுங்கள். வேலை செய்தவர் நாளை வெளிநாடு போனாலும் இன்ஷா அல்லாஹ் உங்கள் வியாபாரம் நிற்காது.