சொல் அறிவோம்: அறிந்தவரா, உரியவரா, உடந்தையா?

"சார், உங்க கேஒய்சி காலாவதி ஆயிடுச்சு. உங்க பேரு, ஆதாரோட கடைசி நாலு நம்பர் எல்லாம் எங்ககிட்ட இருக்கு. இப்ப வந்த ஓடிபியை மட்டும் சொல்லுங்க."

இப்படி ஓர் அழைப்பு வந்தால் பலர் ஏமாறுவது ஏன்? "இவ்வளவு விவரம் தெரிஞ்சவர் அதிகாரியாத்தான் இருப்பார்" என்று நம்பிவிடுவதால்தான். ஒரு விவரம் தெரிந்திருப்பது வேறு, அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டும் சொற்கள் தமிழில் நிறைய உண்டு. அவற்றை இந்த இதழில் பார்ப்போம்.

ரகசியத்தைக் குறிக்கும் சொற்கள்

• ரகசியம்: எல்லா இடத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல்.
• மந்தணம்: அரசு அலுவலக வழக்கு. கடித உறைமேல் 'மந்தணம்' என்று இருந்தால் உரியவர் மட்டுமே பிரிக்க வேண்டும்.
• அந்தரங்கம்: தனி மனிதரின் சொந்த விஷயம். மருத்துவ அறிக்கை, குடும்ப விவரம் போன்றவை.
• கமுக்கம்: சத்தமே இல்லாமல் நடப்பது. "கமுக்கமா முடிச்சுட்டாங்க" என்கிறோமே, அதுதான். 'காதும் காதும் வைத்தாற்போல்' என்பதும் இதே பொருள்தான்.

தெரிந்தவரைக் குறிக்கும் சொற்கள்

• அறிந்தவர்: விஷயம் தெரிந்தவர், அவ்வளவுதான். சரி தவறு எதையும் இந்தச் சொல் சொல்லாது. பேச்சில் 'உள்விஷயம் தெரிஞ்சவர்' என்போம்.
• உரியவர்: தெரிந்துகொள்ளும் உரிமையும், அதைக் காக்கும் கடமையும் சேர்ந்தே உள்ளவர். அமைச்சர்கள் பதவிப் பிரமாணத்துடன் ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதவியால் தெரியவரும் விஷயங்களை, கடமைக்குத் தேவைப்பட்டால் தவிர வெளியிட மாட்டேன் என்பதே அந்த உறுதிமொழி. அதன் வாசகம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ளது.
• ஒற்றர், உளவாளி: மறைந்திருந்து தெரிந்துகொள்பவர்.
• உடந்தை: தெரிந்து, தவறுக்குத் துணையும் நின்றவர்.

கடைசிச் சொல்லில் கவனம் தேவை. காவல் நிலையத்தில் புகார் மனு எழுதும்போது, "இது அவருக்கும் தெரியும்" என்பது ஒரு தகவல். "அவரும் உடந்தை" என்பது ஒரு குற்றச்சாட்டு. உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

எதிர்ச்சொற்கள்

ஆளைப் பொறுத்தவரை 'அறியாதவர்', 'விவரம் தெரியாதவர்' போதும். விஷயத்தைப் பொறுத்தவரை மூன்று சொற்கள் உண்டு.

• வெளிப்படை: மறைக்காமல் தானாகவே திறந்து வைப்பது.
• பகிரங்கம்: எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பது.
• அம்பலம்: மறைத்து வைத்தது வெளியே வந்துவிடுவது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4-இன்படி அரசு அலுவலகங்கள் பல விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும். இது வெளிப்படை. உங்கள் ஆதார் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், அது அம்பலம்.

"அது ரகசியம்" என்று சொன்னால்?

ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாக இப்படிச் சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் எழுத்துமூலம் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிர், தனிமனித சுதந்திரம் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம். தர முடியாத தகவல்கள் எவை என்று பிரிவு 8 பட்டியல் போடுகிறது. மறுத்தால் அதற்கான காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம் என்ற மூன்றையும் பதிலில் எழுத வேண்டும். 'ரகசியம்' என்ற ஒற்றைச் சொல் முழுப் பதில் ஆகாது.

உங்க ரகசியத்துக்கு உரியவர் யார்?

ஆதாரின் கடைசி நான்கு எண்களை ஜெராக்ஸ் கடை, விடுதி, சிம் கார்டு கடை என்று பல இடங்களில் கொடுத்திருப்பீர்கள். அதை அறிந்தவர்கள் பலர் இருக்கலாம். ஓடிபிக்கு உரியவர் நீங்க ஒருவர்தான். வங்கி ஊழியரானாலும் போனில் கேட்டால் சொல்லக் கூடாது. நகல் கொடுக்கும்போது, ஏற்றுக்கொள்ளும் இடங்களில் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். அதில் முதல் 8 எண்கள் மறைக்கப்பட்டிருக்கும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

சிறு பயிற்சி

சரியான சொல்லைத் தேர்ந்தெடுங்கள்:

1. ரேஷன் கடையில் இருப்பு விவரத்தைப் பலகையில் எழுதி வைப்பது. (வெளிப்படை / அம்பலம்)
2. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே ஒளித்து வைக்க உதவியவர். (அறிந்தவர் / உடந்தை)
3. உங்கள் பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லி ஓடிபி கேட்பவர். (அறிந்தவர் / உரியவர்)

விடைகள்: 1. வெளிப்படை, 2. உடந்தை, 3. அறிந்தவர்.

மூன்றாவது கேள்வியை வீட்டில் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் 'உரியவர்' என்று சொன்னால், இந்தப் பக்கத்தை இன்றே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.