கடைக்குப் போகும்போது கையில் என்ன இருக்கிறது?

என் வைத்தியசாலைக்கு வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வருவார். மூட்டு வலிக்குத் தைலமும் சூரணமும் வாங்கிப் போவார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். பாலைப் பால்கோவா போடுகிறவர்களுக்கு ஊற்றித்தான் ஜீவனம். ஒரு வாரம் அவர் வரவில்லை. மறுவாரம் வந்தபோது முகம் வாடியிருந்தது. "ஏம்மா, வலி கூடிடுச்சா?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் கிடக்குதுய்யா. ஒரு மாடு போயிடுச்சு" என்றார்.

மாடு சில நாட்களாகத் தீவனம் எடுக்கவில்லை. பால் வற்றியது. இடதுபக்க வயிறு உப்பிக்கொண்டே போனது. அஜீரணம் என்று நினைத்து வெற்றிலையும் மிளகும் இடித்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கால்நடை டாக்டரிடம் கொண்டு போவதற்குள் கைமீறிவிட்டது. இறந்தபின் அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் கயிறு திரித்த மாதிரி பின்னிக் கிடந்தது அத்தனையும் பிளாஸ்டிக் பை!

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, வழக்கம்போல் சூரணத்தை அளந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இன்னொரு கைப்பையில் வைத்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைத்தியரய்யா, நீங்க குடுக்குறதும் இதுலதானே?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் உறைத்தது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். உணவே மருந்து என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். ஆனால் என் கையால் எத்தனை கவர் போயிருக்கும்! அன்று நான் படித்த பாடத்தைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மாடு ஏன் பிளாஸ்டிக்கைத் தின்கிறது?

மாட்டுக்குப் புத்தியில்லை என்று நினைக்காதீர்கள். புத்தியில்லாதது நமக்குத்தான். மீந்துபோன சாதம், சாம்பார், காய்கறித் தோல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுத் தெருவோரம் எறிகிறோம். வாசனை பிடித்து வரும் மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கக் கை ஏது? பையோடு விழுங்குகிறது.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை பெரிய அண்டா மாதிரி. தின்ற தீவனம் அதில் ஊறி, மறுபடி வாய்க்கு வந்து அசைபோடப்பட்டு, பிறகுதான் அடுத்த அறைக்குப் போகும். பிளாஸ்டிக் அங்கே செரிக்காது, கரையாது. நூலும் கயிறும் சேர்ந்து பந்தாகி அங்கேயே தங்கிவிடும். இடம் அடைத்துக்கொள்வதால் பசி குறையும், பால் குறையும், வாயு சேரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கால்நடை மருத்துவர் அறுவை செய்து எடுக்கலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு பை எறிந்தது யார் என்று தெரியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் பாதி வருமானம் போனது. நுகர்வு என்று சொல்கிறோமே, அதன் கணக்கு கடையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மனிதன் மட்டும் தப்பினானா?

சூடான சாம்பார், ரசம், டீ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கிப் போகிறோம். சூடும் எண்ணெய்ப் பசையும் சேரும்போது பிளாஸ்டிக்கில் உள்ள சில ரசாயனங்கள் உணவில் இறங்க வாய்ப்புண்டு. "நாங்க பேப்பர் கப்புலதான் குடிக்கிறோம்" என்பீர்கள். பேப்பர் நனையாமல் நிற்பது எப்படி? உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான்! கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான திரவத்தைப் பதினைந்து நிமிடம் வைத்திருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் சுமார் 25,000 அதில் கலந்திருந்தன. இந்தத் துகள்கள் உடம்பில் என்னென்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு வரும்வரை குடித்துப் பார்க்க வேண்டுமா என்ன? கண்ணாடி டம்ளரில் கேட்டு வாங்குங்கள். ஓட்டலுக்குத் தூக்குவாளியோடு போங்கள். நம் பாட்டிமார் அதைத்தானே செய்தார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கைப்பைகள் எந்த கனமாக இருந்தாலும் கூடாது. உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பேப்பர் கப், டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், கொடி எல்லாம் அதில் அடங்கும். துணி மாதிரியே தோன்றும் நெய்யாத பைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. பலருக்கு இது தெரியாது. துணி என்று நம்பி வாங்கிவிடுகிறோம். அதுவும் பிளாஸ்டிக்தான். மத்திய அரசும் 2022 ஜூலை 1 முதல் பல பொருட்களை நாடு முழுவதும் தடை செய்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்களும் பொது இடங்களில் வந்தன.

ஆனாலும் பை ஒழிந்ததா? இல்லை. ஏனென்றால் கடைக்காரர் சொல்கிறார்: "கவர் இல்லைன்னா சரக்கையே வச்சிட்டுப் போயிடுறாங்க சார்." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சட்டம் பாதி, வாங்குகிறவர் கை மீதி.

நம் ஊரிலேயே இருக்கிறது மருந்து

ராஜபாளையம் என்ன ஊர்? 1930-களிலிருந்தே நூற்பாலைகள் ஓடும் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டாகிறது. பஞ்சும் நூலும் தறியும் உள்ள ஊரில், கத்தரிக்காய் வாங்கப் பிளாஸ்டிக் பை தேடுவது வேடிக்கையில்லையா? வீட்டில் கிழிந்த வேட்டியும் பழைய சேலையும் இல்லாதவர் யார்? தையல் மிஷின் உள்ள பெண்ணிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் நாலு பை. அவருக்கும் நாலு காசு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பருத்தி விளையத் தண்ணீர் செலவாகிறது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தந்த துணிப்பையை அலமாரியில் அடுக்கிவிட்டு, கடைக்குப் போகும்போது புதுப்பை கேட்டால் லாபமில்லை. துணிப்பை நூறு தடவை கடைக்குப் போனால்தான் அது நல்ல பை.

ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் மேற்கு மலையிலிருந்து வருகிறது. அந்த மலைக்காடு 1988 முதல் சாம்பல்நிற அணில் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி ஏறும் பக்தர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சித்தர்கள் வாழ்ந்த மலை என்று கும்பிடுகிறோம். அங்கே பிஸ்கட் கவரை எறிந்துவிட்டு இறங்கினால், அடுத்த மழையில் அது நம் கண்மாய்க்குத்தான் வரும். மூலிகை பறிக்கிற என் போன்ற வைத்தியனுக்கும் அந்த மலைதான் ஆதாரம்.

பால்கோவா வாங்கும்போது ஒரு கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்தப் பெயரைச் சொல்லி எங்கோ செய்ததை விற்கக் கூடாது. அந்தப் பெயருக்குப் பின்னால் நான் முதலில் சொன்ன அம்மா மாதிரி எத்தனையோ பால்காரக் குடும்பங்கள் இருக்கின்றன.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு. பசும்பாலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான் திடப்பொருள், மற்றது நீர். சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து ஒரு கிலோ பால்கோவா எடுக்க ஏறக்குறைய மூன்று லிட்டர் பால் வேண்டும். உங்கள் ஊர்ப் பால் விலையை மூன்றால் பெருக்குங்கள். சர்க்கரை, எரிபொருள், கூலி சேருங்கள். அதற்கும் கீழே ஒருவர் கூவிக்கூவி விற்றால், குறைவது எது? பாலாகத்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் சிறிது எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் டிங்சர் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. சோதித்ததைச் சாப்பிடக் கூடாது. பெட்டியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் உண்ண வேண்டும் என்பதையும் பாருங்கள்.

வைத்தியனாக ஒரு வார்த்தை. பால்கோவா குருவான பதார்த்தம், எளிதில் ஜீரணமாகாது. கபம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிட்டுப் பின்னால் வெந்நீர் குடிக்கவும். நீரிழிவு உள்ளவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தனி ஆள் என்ன செய்ய முடியும்?

"நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்காகப் பக்கத்து மாவட்டத்துச் சங்கதி ஒன்று. கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2-ல் வழக்கு தள்ளுபடியாகித் தடையும் நீங்கியது. ஆனால் அதற்கு முதல்நாளே, மார்ச் 1 முதல், பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்திருந்தன. பெட்டிக்கடைகளில் உள்ளூர்ச் சோடாவும் பன்னீரும் மீண்டும் தலைகாட்டின. வேகம் நாளடைவில் தணிந்தது உண்மைதான். வழக்கு தோற்கலாம், வேகம் தணியலாம். ஆனால் எதை வாங்குவது என்ற முடிவு நம் கையிலிருந்து போவதில்லை. மோரும் பதநீரும் இளநீரும் கேட்டு வாங்க எந்தக் கோர்ட் உத்தரவும் தேவையில்லை.

ஏமாந்தால் சும்மா இருக்காதீர்கள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24-ல் வந்தது. அதனால்தான் அந்த நாள் தேசிய நுகர்வோர் தினம். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கு ஒரு வசதி, விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. செய்ய வேண்டியவை இவைதான்:

1. எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

2. குறை இருந்தால் முதலில் கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

3. முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

4. அதற்கும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதிடலாம்.

5. தடை செய்த பிளாஸ்டிக் தாராளமாகப் புழங்கினால் நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்: இந்த ஆண்டு எவ்வளவு பறிமுதல் செய்தீர்கள்? முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் இன்றே ஆரம்பிக்க

வாசலில் ஒரு ஆணி அடித்து இரண்டு துணிப்பையை மாட்டுங்கள். வண்டிப் பெட்டியில் ஒன்று கிடக்கட்டும். மீன், கறி வாங்க மூடி போட்ட பாத்திரம். காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் கவரில் கட்டாமல், மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுக் கழனிப்பானையில் சேருங்கள். அல்லது தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் போடுங்கள். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும்போது காசோடு பையையும் கொடுங்கள். பழக்கம் கையில் ஏறிவிட்டால் புத்திமதி தேவைப்படாது.

என் வைத்தியசாலையில் இப்போது சூரணம் காகிதப் பொட்டலத்தில்தான். தைலத்துக்குப் பழைய கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, காயவைத்துக் கொண்டு வந்தால் விலையில் கொஞ்சம் தள்ளுபடி. முதல் மாதம் சிலர் முணுமுணுத்தார்கள். "மழையில நனைஞ்சா யாரு பொறுப்பு?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். மழைக்காலத்தில் சூரணத்துக்கும் பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அவரே இப்போது இரண்டு பாட்டிலோடு வருகிறார்.

அந்த அம்மா மிச்சமிருக்கிற ஒரு மாட்டை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுவதில்லை, தெருவில் குப்பை கிடக்கிறதே என்று பயம். புல்லை அறுத்துச் சுமந்து வந்து போடுகிறார். அதனால் மூட்டு வலி கூடியிருக்கிறது. என் தைலம் அந்த வலிக்குத்தான். அந்தப் பயத்துக்கு மருந்து, தெருவில் பை எறிகிற நம் கையில் இருக்கிறது.