கேமரன் மலைக்கு எந்த சிம்?

தங்கச்சி, மலேசியா போறவங்க எல்லாரும் "எந்த சிம் மலிவு?"ன்னுதான் கேப்பாங்க. நீ கேமரன் மலைக்குப் போறே. அதனால "எது மலையில எடுக்கும்?"னு கேளு.

கோலாலம்பூர்ல எந்த சிம் போட்டாலும் நெட் நல்லாத்தான் இருக்கும். தாப்பாவுல ஹைவேயை விட்டு இறங்கி, தானா ராத்தா வரைக்கும் ஏறுற அந்த 60 கிலோமீட்டர் வளைவு ரோட்டுலதான் சோதனையே. டவர் ஒரு சரிவுல நிக்கும், நீ மறு சரிவுல இருப்பே. தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊருக்குள்ள கவலை இல்லை. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குள்ள, இன்னும் மேலே 2,000 மீட்டர் உயரத்துல இருக்கற பாசிக்காட்டுக்குப் போற ஒடுக்கமான ரோட்டுல, சிக்னல் வந்து வந்து போகும். தங்கப்போற இடத்துக்கு இப்பவே வாட்ஸ்அப் பண்ணி, "உங்க பக்கம் எந்த லைன் நல்லா எடுக்குது?"ன்னு கேட்டுடு. தமிழ்லயே கேட்கலாம், 1929-ல 'போ' கம்பெனி தேயிலை போட ஆரம்பிச்ச மலை அது, நம்ம ஜனங்க தலைமுறையா இருக்காங்க. அவங்க சொல்ற பேரை எந்த விளம்பரத்துக்கும் மேலே நம்பு.

பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து செல்காமா, டிஜியான்னு மண்டையை உடைச்சுக்காதே. 2022 கடைசியில ரெண்டும் ஒரே கம்பெனி ஆயிடுச்சு. அதைத் தவிர மேக்சிஸோட ஹாட்லிங்க், யூ மொபைல் இருக்கு. ஏர்போர்ட் கவுன்டர்லயே வாங்கிடு, பாஸ்போர்ட் காட்டிப் பதிவு பண்ணித்தான் கொடுப்பாங்க. அங்கேயே நின்னு மேப்பைத் திறந்து பாரு, ஒரு போன் போட்டுப் பாரு. ரெண்டும் ஓடினப்புறம் நகரு. "அன்லிமிடெட்"னு போட்டிருந்தா, எத்தனை ஜிபிக்கு மேல வேகம் குறையும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டான்னு கேளு. அம்மா போனுக்கும் நீதானே நெட் கொடுக்கப்போறே!

அம்மாவோட அந்தப் பழைய போனை நம்பாதே. மலேசியாவுல 2021 முடிவோட 3ஜியை நிறுத்திட்டாங்க. 4ஜி இல்லாத போன்ல நெட்டை மறந்துடலாம்.

இ-சிம்மை வீட்டுலேருந்தே வாங்கிடலாம், சௌகரியம்தான். ஆனா டூரிஸ்ட் இ-சிம் பலதுல வெறும் டேட்டாதான், உள்ளூர் நம்பர் கிடையாது. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போற டிரைவர் உன்னைக் கூப்பிட நம்பர் வேணுமே? மலைக்கு என் ஓட்டு சாதா சிம்முக்குத்தான்.

நம்ம ஊர் சிம்மைக் கழட்டித் தூக்கிப் போட்டுடாதே, பேங்க் ஓடிபி அதுலதான் வரும். கிளம்பறதுக்கு முன்னாடி ரோமிங்கை ஆன் பண்ணி வெச்சுக்கோ, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைச்சுடு. அதுல வர்ற காலை எடுத்தா காசு போகும், விட்டுடு.

தாப்பா வர்றதுக்கு முன்னாடியே கேமரன் மலை மேப்பை டவுன்லோட் பண்ணிக்கோ. ஹோட்டல் புக்கிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோ. மலேசியாவுல ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் ஒரே நம்பர், 999. அதை அம்மா போன்லயும் போட்டுக் கொடுத்துடு.