உடலுக்குள் உலவும் வளித் தூதுவர்

முன்னுரை

வளி என்றதும் தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை வாழ்வோர் உள்ளத்தில் எழுவது அச்சமே. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். ஆயினும், நச்சு வளிகள் எனப்படுவனவற்றுள் சில, மிகச் சிறிய அளவில் நம் உடலிலேயே தோன்றி இதயத்தைக் காக்கின்றன. சிறுநீரகம் நலிவுறுங்கால் அக்காவல் தளருமாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை வளிகள்

நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு என்பன அவை. முன்னிரண்டும் வாகனப் புகையில் உள்ளவை. மூன்றாவது கழிவுநீர்த் தொட்டியில் உயிர் குடிப்பது. உடலுக்குள்ளோ, முதலாவது ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்தும், இரண்டாவது ஹீமோகுளோபினின் ஹீம் பகுதி சிதைவதாலும், மூன்றாவது கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களிலிருந்தும் உண்டாகின்றன. குருதிக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துதல் இவற்றின் பொதுப்பணி. நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளே நிலைப்பது. அதன் தூதுப்பணியைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர்க்கும் 1998இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

சிறுநீரகமும் இதயமும்

நாட்பட்ட சிறுநீரக நோயாளருள் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டுமுன்னரே இதய நோயால் இறக்கின்றனர். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இதற்கு முதன்மைக் காரணங்கள். வளிக்குறைவும் அவற்றோடு சேர்கிறது. சிறுநீரகம் செயலிழந்தோர் உடலில் ஏடிஎம்ஏ என்னும் பொருள் தேங்கி, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுப்பதை 1992இல் வாலன்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர். டயாலிசிஸ் பெறுவோர் குருதியில் ஹைட்ரஜன் சல்பைடும் குறைந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. விளைவாகக் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தை மேலும் சிதைக்கும்.

வள்ளுவர் நெறி

வளி முதலிய மூன்றும் கூடினாலும் குன்றினாலும் பிணி தரும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரக் கருத்து. ஆண்டு வளி என்பது வாதமேயன்றி இன்றைய வேதியியல் வளி அன்று. எனினும், அளவே நலம் என்னும் நெறி இரண்டிற்கும் பொருந்துவதாம்.

முடிவுரை

சிறுநீரக நோயாளரின் இக்குறையை ஈடுசெய்யும் வளி மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. ஆகவே, முன்னரே அறிதலே காப்பு. இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ காட்டாது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையோர் ஆண்டுக்கொருமுறை சிறுநீரில் அல்புமினையும் குருதியில் கிரியேட்டினினையும் சோதித்தறிதல் வேண்டும். புகையிலையை விடுதலும், சுமை தூக்கிய உடல்வலிக்கு மருத்துவரைக் கேளாது நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குவதைத் தவிர்த்தலும் இன்றியமையாதன. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து நம்மைப் படிக்க வைக்கும் தந்தையரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஒருமுறையேனும் அழைத்துச் சென்று சோதிக்கச் செய்தல், கற்ற மாணவரின் கடனாகும்.