அசைபோடும் வயிறும் மீத்தேன் வாயுவும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டு. அச்செல்வம் இன்று உலகைச் சூடாக்கும் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 19 கோடி மாடுகளும் 11 கோடி எருமைகளும் உள்ளன. மீத்தேன் வாயுவைக் குறைவாக வெளிவிடும் கால்நடைகளையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கலாமா என்பது விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் கேள்வி. விலங்கியல் மாணவி என்ற முறையிலும், ஒற்றைப் பசுவின் பாற்பணத்தில் கல்லூரிக்கு வந்தவள் என்ற முறையிலும் இக்கேள்வி என்னை விடவில்லை.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். அசைபோடும் விலங்கின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையாகிய ரூமன் ஒரு நொதித்தொட்டி எனலாம். வைக்கோலிலுள்ள செல்லுலோஸைச் சிதைக்கும் என்சைம் மாட்டிடம் இல்லை. ரூமனில் வாழும் நுண்ணுயிரிகளே அவ்வேலையைச் செய்கின்றன. அப்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அது தேங்கினால் நொதித்தல் தடைப்படும். மெத்தனோஜன் எனப்படும் வேறு சில நுண்ணுயிரிகள் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவுடன் சேர்த்து மீத்தேனும் நீருமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே மீத்தேன் வயிற்றுக் கோளாறு அன்று. வைக்கோலைப் பாலாக்கும் வேலையின் கழிவு. இது பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. (பின்புறமாக என்று எண்ணிச் சிரிக்கும் வகுப்பு நண்பர்கள் கவனிக்க!) சாண எரிவாயு அடுப்பில் நீலநிறமாக எரிவதும் இதே வாயுதான்.

நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். உழவனுக்கு இதில் நேரடி நட்டமும் உண்டு. தீவனத்திலுள்ள சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இவ்வாறு வீணாகிறது. கடன் சொல்லி வாங்கிய புண்ணாக்கில் ஒரு பங்கு ஏப்பமாகப் போகிறது என்றால் எந்த வீட்டில்தான் வயிறு எரியாது?

தீவனத்தாலேயே இதைக் குறைக்க வழி உண்டு. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம் டானின் நிறைந்த தாவரப் பொருள்களிலிருந்து உருவாக்கிய 'ஹரித் தாரா' என்னும் கலவை, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைப்பதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கலவையை நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். இனத்தேர்வு அப்படியன்று, தாயிடமிருந்து கன்றுக்கும், கன்றிலிருந்து அதன் கன்றுக்கும் செல்லும்.

ஒரே தீவனம் தின்னும் இரு விலங்குகள் ஒரே அளவு மீத்தேனை விடுவதில்லை. இவ்வேறுபாட்டில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை பரம்பரையால் வருவது என்று கணித்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் ஆடுகளை மூடிய பெட்டிக்குள் சிறிது நேரம் நிறுத்தி வாயுவை அளந்து, அதிகம் விடுபவை ஒரு மந்தை, குறைவாக விடுபவை ஒரு மந்தை எனப் பிரித்து வளர்த்தார்கள். மூன்று தலைமுறைக்குள் இரு மந்தைகளுக்குமிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு உண்டாயிற்று. கனடாவில் 2023 ஏப்ரல் முதல் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு மீத்தேன் மதிப்பெண்ணே தருகிறார்கள். பால் மாதிரியில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி அம்மாட்டின் மீத்தேனைக் கணிக்கும் முறை அது. நம் பால் சொசைட்டியிலும் காலையும் மாலையும் மாதிரி எடுக்கிறார்கள். அங்குள்ள கருவி சொல்வதெல்லாம் கொழுப்பும் இதர சத்தும்தான். விலையைத் தீர்மானிப்பவை அவ்விரண்டே.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. மீத்தேனை எதனால் வகுப்பது? ஒரு கணக்குக்காக, நாட்டுப்பசு நாளொன்றுக்கு 150 கிராம் மீத்தேன் விட்டு 3 லிட்டர் பால் தருகிறது என்றும், கலப்பினப் பசு 250 கிராம் விட்டு 10 லிட்டர் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாள் கணக்கில் நாட்டுப்பசு நல்லது. லிட்டர் கணக்கில் அதற்கு 50 கிராம், கலப்பினத்துக்கு 25 கிராம்தான். ஆனால் நாட்டுப்பசு ஈன்ற காளைக்கன்று ஏர் இழுத்ததும், வண்டி இழுத்ததும், சாணம் வயலுக்குப் போனதும் எந்தக் கணக்கில் சேரும்? லிட்டர் ஒன்றையே அளவுகோலாக்குவதை நான் ஏற்கவில்லை.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. மீத்தேன் குறைந்த ஆடுகளை ஆராய்ந்தபோது அவற்றின் ரூமன் சிறியதாகவும், தீவனம் அதில் தங்கும் நேரம் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். இளம்புல் மேயும் ஆட்டுக்கு அது போதும். வைக்கோல் நெடுநேரம் தங்கி ஊறினால்தான் செரிக்கும். குற்றாலத்தில் சாரல் பிடித்துச் சிற்றாறு பெருகினால் தென்காசி வயல்களில் கார் நெல் விளையும், பின்னர் பிசானம். இரண்டு அறுப்பின் வைக்கோலும் படப்பாக ஏறி, கோடை முழுவதும் மாட்டைக் காப்பாற்றும். ஆடியில் வரப்புப் புல்லைத் தின்னும் பசு பங்குனியில் காய்ந்த தாளைத் தின்கிறது. ஏப்பத்தைக் குறைக்கப் போய், வைக்கோலைச் செரிக்கும் திறனையும் சேர்த்துக் கழித்துவிட்டால் அந்தப் பங்குனிக்கு விடை என்ன? ஆகவே நம் மாடுகளை அளப்பதானால் இரண்டு பருவத்திலும் அளக்க வேண்டும்.

நம் நாட்டிலும் மாடுகளின் மரபணுவைக் கொண்டு இளமையிலேயே தரம் காண, 2024இல் 'கௌசிப்' என்னும் சிப் வெளியிடப்பட்டது. பாலுக்காகத் திரட்டும் விவரங்களுடன் மீத்தேனையும் ஒரு நாள் சேர்ப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். அப்போது காளையைத் தேர்வது நம் தொழுவத்தில் நடவாது. ஒரு காளையிடமிருந்து ஆண்டுக்குப் பல ஆயிரம் உறைவிந்துக் குச்சிகள் கிடைக்கும். கால்நடை மருந்தகத்தில் அன்று எது இருக்கிறதோ அதுதான் நம் பசுவுக்கு. கனடாக் காளையின் மதிப்பெண் பதப்படுத்திய மக்காச்சோளத் தட்டையும் குதிரைமசாலும் தின்னும் மாடுகளை வைத்துக் கிடைத்தது. அதன் மகள் இங்கே பிறந்தால் அவளுக்குப் போடப்போவது பிசான வைக்கோலும் ஒரு கை தவிடும்.